பழைய வாட்ச் வாங்கலாம்; பதறாமல், பில்லோடு வாங்கலாம்!

வணிகப் பெருமக்களுக்கு நேரத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் லாரி வந்து நிற்கும் நேரம், மண்டியில் ஏலம் தொடங்கும் நேரம், வங்கியில் பணம் கட்ட வேண்டிய நேரம் என்று நம் பிழைப்பே மணியைப் பார்த்துத்தான் ஓடுகிறது. இன்று செல்போனிலேயே மணி தெரிகிறது என்றாலும், நல்ல கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போட வேண்டியிருக்கிறது. அதுவும் 'பேர் சொல்லும் வாட்சாக' இருந்தால் சம்பந்தி வீட்டில் ஒரு மரியாதை.

ஆனால் புதிய சுவிஸ் வாட்சின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ரோலெக்ஸ், ஒமேகா என்றால் லட்சக் கணக்கில் போகிறது. மாதம் முழுவதும் கீழமாசி வீதியில் மூட்டை இறக்கி ஏற்றிச் சம்பாதிக்கும் ஒருவர் அதைக் கையில் கட்ட முடியுமா? இந்த இடத்தில்தான் 'செகண்ட் ஹேண்ட்' வாட்ச் கண்ணில் படுகிறது. முப்பதாயிரம் ரூபாய்க்குள் நல்ல பெயருள்ள பழைய வாட்ச் வாங்க முடியுமா என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்டார்கள். முடியும். ஆனால் துவரம் பருப்பில் கேசரிப் பருப்பையும், மிளகில் பப்பாளி விதையையும் ஒரே பார்வையில் பிரித்துவிடும் நம்மவர்கள், வாட்ச் என்று வந்தால் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பணம் போவது ஒரு நஷ்டம். பில் இல்லாத வாட்சால் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பணக் கணக்கு

வாட்ச் வாங்கும் பணம் சரக்குப் பணமாக இருக்கக் கூடாது. இதை முதல் விதியாக வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் சுழலும் 30,000 ரூபாய், செலவு போக மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் மிச்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200 ரூபாய். அதே பணத்தை வாட்சில் போட்டால் அது மணி காட்டும், வட்டி தராது. வீட்டுச் செலவும் தொழில் முதலும் போக, தனியாக ஒதுக்கிய பணம் இருந்தால் மட்டுமே இந்த ஆசையில் இறங்கலாம்.

"அண்ணாச்சி, இது வாட்ச் இல்லை, முதலீடு! விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். உலகச் சந்தையில் ரோலெக்ஸ் போன்ற சில வாட்சுகளின் பழைய விலை 2021லும் 2022 தொடக்கத்திலும் தாறுமாறாக ஏறியது உண்மை. அதே 2022லேயே அது இறங்கத் தொடங்கியதும் உண்மை. உச்சியில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வெங்காயம் விலை ஏறும் என்று பதுக்கி வைத்து அழுகவிட்ட கதை நமக்குப் புதிதல்ல. வாட்சை ஆசைக்கு வாங்குங்கள், லாபத்துக்கு வாங்காதீர்கள்.

இன்னொன்று. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் வாட்சுகளின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைய அது வழி செய்கிறது. புதிய வாட்சின் விலை இறங்கினால் பழையதின் விலையும் நின்ற இடத்தில் நிற்காது. அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, கையில் இருக்கும் பணம் முழுவதையும் வாட்சுக்கே கொடுத்துவிடக் கூடாது. பழைய லாரி வாங்குபவர் எஞ்சின் வேலைக்குப் பணம் ஒதுக்குவது போல, 30,000 ரூபாயில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5,000 ரூபாயைச் சர்வீசுக்கும் ஸ்ட்ராப்புக்கும் எடுத்து வைத்துவிட வேண்டும். சாவி வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். பிரித்துக் கழுவி, புது எண்ணெய் விட்டுத்தான் கட்ட வேண்டும். "இப்போதுதான் சர்வீஸ் செய்தது" என்பவரிடம் சர்வீஸ் சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் சர்வீஸ் செய்யாத வாட்ச் என்றே எண்ணி விலை பேசுங்கள்.

நம் பக்கம் கிடைக்கும் வாட்சுகள்

மதுரையிலும் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கங்களிலும் பழைய வீடுகளின் பீரோவைத் திறந்தால் ஏதாவது ஒரு வாட்ச் கிடைக்கும். அவை பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது எச்.எம்.டி. மத்திய அரசு நிறுவனமான இது, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்ற பெயர்கள் நம் அப்பாக்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. அந்தக் காலத்தில் அரசு வேலை கிடைத்தாலும் எச்.எம்.டி., கல்யாணம் என்றாலும் எச்.எம்.டி. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி.யைத் தேடிச் சேர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். இதை 'லக்சுரி' என்று சொல்ல முடியாது. ஆனால் சாவி கொடுக்கும் வாட்ச் எப்படி ஓடுகிறது என்று குறைந்த செலவில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாட்ச் இல்லை.

இரண்டாவது, இந்தியாவையே பெரிய சந்தையாகக் கொண்ட பழைய சுவிஸ் வாட்சுகள். ஃபாவ்ர் லூபா என்ற நிறுவனம் சுவிட்சர்லாந்தில் 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்வது. 19ஆம் நூற்றாண்டிலேயே பம்பாயில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. அதன் சீ சீஃப், சீ கிங் மாடல்கள் இந்தியாவெங்கும் விற்றன. 2011இல் இந்தப் பெயரை டாட்டா குழுமத்தின் டைட்டன் வாங்கியது. பின்னர் 2023இல் அது எத்தோஸ் குழுமத்தின் கைக்கு மாறியது. இதைப் போலவே வெஸ்ட் எண்ட் என்ற வாட்சும் 1886 முதல் இந்தியாவைக் குறிவைத்தே விற்கப்பட்டது. ரயில்வேக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் அதை விரும்பிக் கட்டினார்கள். இவையெல்லாம் உண்மையான சுவிஸ் வாட்சுகள். ரோலெக்ஸ், ஒமேகா அளவுக்குப் பெயர் இல்லாததால் விலை நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. குறைந்த பணத்தில் சுவிஸ் வாட்ச் வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

மூன்றாவது, வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்த ஜப்பான் வாட்சுகள். சைக்கோ 5, சிட்டிசன் ஆட்டோமேட்டிக், ரிக்கோ ஆகியவற்றைச் சபுரு முடித்துத் திரும்பியவர்கள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கிழமைக் கட்டத்தில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் வந்தால் அது வளைகுடாச் சந்தைக்கென்று தயாரானது என்று தெரிந்துகொள்ளலாம். இவை உழைக்கும், உதிரிப் பாகமும் கிடைக்கும். ஆனால் போலியும் ஒட்டு வேலையும் அதிகம் நடப்பதும் இவற்றில்தான்.

நான்காவது, பழைய ஒமேகா, டிசோ, லாஞ்சின்ஸ் போன்றவை. நல்ல நிலையில் உள்ள ஒமேகா நம் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். டிசோவின் பழைய சாவி வாட்சுகளைப் பொறுமையாகத் தேடினால் கட்டுப்படியாகலாம். ஐந்தாவது, ரோலெக்ஸ். நமது பட்ஜெட்டில் உண்மையான ரோலெக்ஸ் கிடையாது. இருபதாயிரத்துக்கு ரோலெக்ஸ் என்று யாராவது நீட்டினால், அது போலி அல்லது திருட்டு. இரண்டில் எதுவாயினும் நமக்கு வேண்டாம்.

கலப்படம் எப்படி நடக்கிறது?

நம் தொழிலில் கலப்படம் எப்படியோ, வாட்சிலும் அப்படித்தான். மூன்று வழிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

முதல் வழி, டயலுக்குப் புதுப் பெயின்ட். பழுத்துப்போன டயலைச் சுரண்டி, நீலம், சிவப்பு, பச்சை என்று பளிச்சென்று வண்ணம் அடித்து, பெயரைப் புதிதாக அச்சடித்து விடுகிறார்கள். எச்.எம்.டி., சைக்கோ 5, ஃபாவ்ர் லூபா மூன்றிலும் இந்த வேலை ஏராளம். நாற்பது ஆண்டு பழைய வாட்சின் டயல் நேற்று வாங்கியது போல் மின்னினால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். வாட்ச் ரிப்பேர்க்காரரின் கண்லென்சை வாங்கி எழுத்தைப் பாருங்கள். கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். மறு அச்சில் மை பரவியிருக்கும். எழுத்து தடித்தும் சாய்ந்தும் நிற்கும். நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று சமமாக இராது.

இரண்டாவது வழி, பல வாட்சுகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. ஒன்றின் மெஷின், மற்றொன்றின் கேஸ், மூன்றாவதின் முள். ஓடும், ஆனால் அதற்குப் பெயர் உள்ள வாட்சின் விலை கொடுக்க முடியாது. சைக்கோவில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மீண்டும் நான்கு குறி என்று ஒரு எண் இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது மெஷினின் எண். பின்னால் உள்ளது கேஸின் எண். டயலில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் மெஷின் எண் மறுபடியும் வரும். பின்மூடி 7009 என்று சொல்ல, டயல் 6309 என்று சொன்னால் இரண்டும் ஒரே வாட்சுக்குப் பிறந்தவை அல்ல. மூடியைக் கழற்றினால் மெஷின் மேலும் அதே எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதே மூடியில் ஆறு இலக்க வரிசை எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 82 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஓர் ஆண்டின் பிப்ரவரி மாதம். 7009 மெஷின் என்றால் அது 1978 அல்லது 1988 ஆக இருக்கலாம். "என் மாமா 1972இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது" என்று ஒருவர் சொன்னால், எண்ணும் கதையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வாய் பொய் சொல்லலாம், பின்மூடி சொல்லாது. ஆனால் மூடியையே மாற்றியிருக்கலாம் என்பதால் மூன்று இடத்து எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

மூன்றாவது வழி, உள்ளே பேட்டரி மெஷினை வைத்து வெளியே ஆட்டோமேட்டிக் என்று எழுதி விற்பது. நொடி முள்ளைக் கவனியுங்கள். பேட்டரி வாட்சில் அது பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறை தாவி நிற்கும். சாவி வாட்சிலும் ஆட்டோமேட்டிக்கிலும் நொடிக்கு ஐந்து, ஆறு அல்லது எட்டு முறை சிறுசிறு அசைவாக நகர்வதால் வழுக்கிச் செல்வது போல் தெரியும்.

'17 ஜுவல்', '21 ஜுவல்' என்ற எழுத்தைக் காட்டி, உள்ளே மாணிக்கக் கல் இருக்கிறது என்று விலை ஏற்றுபவர்களும் உண்டு. கல் இருப்பது உண்மைதான். சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் செயற்கை மாணிக்கம் அது. கடுகைவிடச் சிறியது. தெற்காவணி மூல வீதியில் எந்த நகைக்கடைக்காரரும் அதற்குக் காசு கொடுக்க மாட்டார். கல் எண்ணிக்கை மெஷினின் அமைப்பைச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மூட்டையைக் குத்திப் பார்க்க விடாத வியாபாரியிடம் நாம் அரிசி வாங்குவோமா? உள்ளே துரு, வியர்வைக் கறை, தலை சிதைந்த திருகு ஆகியவை இருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

2. கையோடு ஒரு நாள் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். இன்று காலை எட்டு மணிக்குச் சரியான நேரம் வைத்து, நாளை காலை எட்டு மணிக்குப் பாருங்கள். புதிதாகச் சான்று பெறும் சுவிஸ் க்ரோனோமீட்டர் மெஷினுக்கே நாளைக்குச் சராசரியாக 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. பழைய சாவி வாட்ச் அரை நிமிடத்துக்குள் நின்றால் நன்று. ஐந்து நிமிடம் ஓடினால் சர்வீஸ் வேண்டும். நின்று நின்று ஓடினால் பாகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

3. சாவியை இழுத்து முள்ளைச் சுற்றிப் பாருங்கள். தளர்வாக இருக்கக் கூடாது. தேதி, கிழமை இரண்டும் நள்ளிரவை ஒட்டி முழுதாக மாற வேண்டும். ஆனால் இரவு ஒன்பது மணியிலிருந்து விடிகாலை மூன்று மணிவரை முள் நிற்கும்போது தேதியைக் கையால் மாற்றாதீர்கள்; உள்ளே பற்சக்கரம் உடையும்.

4. கேஸின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். அதிகமாகப் பாலிஷ் போட்ட வாட்சில் கூர்மையான ஓரமெல்லாம் மழுங்கிச் சோப்பு போல் ஆகியிருக்கும். இயற்கையான கீறல் குற்றமல்ல; அது வயதின் அடையாளம். அளவுக்கு மீறிய பளபளப்புதான் ஆபத்து.

5. மிகப் பழைய வாட்சில், இருட்டில் ஒளிர்வதற்காக எண்களின் மேல் பூசிய பூச்சு ரேடியமாக இருக்கலாம். 1960களுக்கு முன் அது வழக்கத்தில் இருந்தது. அந்தப் பூச்சைச் சுரண்டக் கூடாது. அதன் தூள் மூச்சில் போனால் கெடுதல். குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

6. உதிரிப் பாகத்தைப் பற்றி முன்பே விசாரியுங்கள். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, தங்கள் பாகங்களை வெளி ரிப்பேர்க்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. வாட்ச் மலிவாகக் கிடைத்து, பாகம் கிடைக்காமல் பீரோவில் தூங்குவதில் பயனில்லை. நமக்கு நெடுநாள் பழக்கமான ரிப்பேர்க்காரரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, உடன் அழைத்துச் செல்வது நூறு ரூபாய்ச் செலவில் பத்தாயிரத்தைக் காப்பாற்றும்.

தங்க வாட்சா, தங்கப் பூச்சா?

பழைய வாட்சுகளில் 'கோல்டு' என்று சொல்வதெல்லாம் தங்கமல்ல. பெரும்பாலானவை தங்கப் பூச்சு. பின்மூடியில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று எழுதியிருந்தால் அது பூச்சின் கனத்தைக் குறிக்கும். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பின்மூடி மட்டும் ஸ்டீல் என்று எழுதியிருந்தால் முன்பக்கமும் பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓரங்களில் மஞ்சள் போய் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

அசல் 18 காரட் சுவிஸ் தங்க வாட்சில் 750 என்ற எண்ணும் சுவிஸ் முத்திரையும் இருக்கும். 1995க்கு முந்தையவற்றில் ஒரு பெண் தலை முத்திரை. அதற்குப் பின் வந்தவற்றில் செயின்ட் பெர்னார்ட் நாய்த் தலை முத்திரை. நம் நாட்டு ஹால்மார்க்கை அதில் தேட வேண்டாம். 2021 ஜூனில் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கியபோது கைக்கடிகாரத்துக்கும் பவுண்டன் பேனாவுக்கும் விலக்கு அளித்தார்கள். ஆகவே தங்கம் என்று சொல்லி விற்றால், பணம் கொடுக்குமுன் நம்பிக்கையான நகை மதிப்பீட்டாளரிடம் காட்டிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உறுப்பினர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. நம் வீட்டுப் பழைய சைக்கோவுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சம்பந்தம் உண்டு.

1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சில பொருள்களைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தங்கம் ஒன்று, கைக்கடிகாரம் மற்றொன்று. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரி இவற்றைக் கைப்பற்றினால், அது கடத்தல் பொருளல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. மற்ற வழக்குகளில் குற்றம் சாட்டுபவர் நிரூபிக்க வேண்டும். இங்கே நாம் நிரூபிக்க வேண்டும். கைக்கடிகாரக் கடத்தல் பெரிதாக நடந்த காலத்தில் எழுதிய சட்டம் இது. இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஒருவர் வீட்டு வாட்ச் ஒன்றுக்காக யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்சை பில் இல்லாமல் வாங்குபவர், கேட்டால் என்ன காட்டுவார்?

அடுத்தது திருட்டுப் பொருள். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி நமக்குத் தெரிந்ததே. விற்பவருக்கே உரிமை இல்லாத பொருளை வாங்கினால் வாங்கியவருக்கும் உரிமை வராது. உண்மையான சொந்தக்காரர் வந்தால் வாட்சும் போகும். கொடுத்த பணத்துக்கு விற்றவரைத் தேடி அலைய வேண்டும். திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் அதுவே குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411ஆவது பிரிவில் இருந்த இந்தக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவுக்குள் வந்துவிட்டது. மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. லட்ச ரூபாய் வாட்ச் பத்தாயிரத்துக்கு வந்தால், அந்த விலையே சந்தேகத்துக்குக் காரணம் என்று கேட்பார்கள்.

பணம் கொடுக்கும் முறையையும் பார்ப்போம். 2017 முதல் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் தடை விதித்தது. நமது பட்ஜெட் அதைத் தொடாது என்றாலும், வங்கி வழியாகவே கொடுப்பது நல்லது. அதுவே நமக்குச் சாட்சி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்கும்போது விற்பவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியைச் சேர்த்து வசூலிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 22இல் அரசு அறிவித்தது. அந்த அளவுக்கு வாங்குபவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்வார்கள் என்பதால் இங்கே விரிக்கவில்லை. பழைய பொருள் விற்பனையைத் தொழிலாகவே செய்து ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர், உள்வரிச் சலுகை எடுக்காதபோது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட விதியில் இடமுண்டு. ஆகவே 'பில் போட்டால் வரி பெருகும்' என்று அவர் பயமுறுத்தினால் நம்ப வேண்டியதில்லை.

சான்றுக்கு உள்ள மதிப்பு

1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது நம் மதுரை மேலமாசி வீதியில்தான். அந்த எளிய கோலத்திலும் இடுப்பில் ஒரு பாக்கெட் கடிகாரம் தொங்கியதைப் படங்களில் பார்த்திருப்போம். அவருடைய ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவை 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஒன்றாக ஏலத்துக்கு வந்து, சுமார் 18 லட்சம் டாலருக்குப் போயின. வெறும் உலோகமாகப் பார்த்தால் அந்தக் கடிகாரத்துக்கு அந்த மதிப்பு இல்லை. அது யாருடையது என்பதற்கு இருந்த சான்றுதான் விலை.

நம் அளவிலும் இதே நியாயம்தான். ஒரே மாதிரி இரண்டு ஃபாவ்ர் லூபா இருந்தால், பழைய பில்லும் கேரண்டி அட்டையும் பெட்டியும் உள்ளதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். நாளை விற்கும்போதும் அது திரும்பி வரும். ரோலெக்ஸ் நிறுவனமே 2022 டிசம்பரில் தன் பழைய வாட்சுகளுக்குச் சான்று கொடுத்து விற்கும் திட்டத்தைத் தொடங்கியது என்றால், சான்றின் அருமையைப் புரிந்துகொள்ளலாம்.

கடையில் வாங்கினால் பில் வாங்குங்கள். அடகுக் கடை ஏலத்தில் எடுத்தால் ஏலச் சீட்டை வாங்குங்கள். தெரிந்த குடும்பத்தில் வாங்கினால், கூச்சப்படாமல் கீழ்க்கண்டவாறு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்:

"இன்ன முகவரியில் வசிக்கும் நான், எனக்குச் சொந்தமான இன்ன கம்பெனி, இன்ன மாடல், பின்மூடியில் இன்ன எண்ணும் மெஷினில் இன்ன எண்ணும் உள்ள கைக்கடிகாரத்தை, இன்ன தேதியில், இன்னாருக்கு, இத்தனை ரூபாய்க்கு விற்று, தொகையை வங்கி மூலம் பெற்றுக்கொண்டேன். இந்தக் கடிகாரம் இன்ன ஆண்டில் இன்ன வகையில் எனக்குக் கிடைத்தது. இதன் மேல் வேறு யாருக்கும் பாத்தியம் இல்லை. டயல், முள், மெஷின் ஆகியவற்றில் எனக்குத் தெரிந்து மாற்றிய பாகங்கள் இவை."

கையெழுத்து, அடையாள அட்டை நகல், வாட்சின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டு படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கடைசி வரியை எழுதத் தயங்குபவர் எதையோ மறைக்கிறார் என்று கொள்ளலாம். விற்பவருக்கும் இது நல்லதுதான். நாளை 'ஏமாற்றிவிட்டாய்' என்ற பேச்சு வராது.

மளிகைக் கடையும் வாட்சும்

வாங்கிய வாட்சைக் கடையில் கட்டலாமா? கட்டலாம், சில கட்டுப்பாடுகளோடு. மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், கோதுமை மாவு ஆகியவை காற்றில் பறக்கும் இடம் நம் கடை. பழைய வாட்சின் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருப்பதால் பொடியும் ஈரமும் உள்ளே போய்விடும். சர்வீசின்போது அந்த வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். டயலில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தாலும் பழைய வாட்சோடு குளிக்காதீர்கள். தெப்பக்குளத்தில் தண்ணீர் நின்றாலும் இறங்காதீர்கள்!

மதுரை வெயிலில் வியர்வை உப்பு ஸ்டீலையே அரிக்கும். இரவில் கழற்றியதும் பின்மூடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். தோல் ஸ்ட்ராப் நம் ஊர்க் கோடைக்கு ஒத்துவராது. விசேஷத்துக்கு மட்டும் தோல், தினத்துக்கு ஸ்டீல் செயின் அல்லது ரப்பர் போதும். உப்பு மூட்டை, வெல்ல மண்டை தூக்கும்போது கழற்றி வையுங்கள். ஸ்பீக்கர், காந்தம் வைத்த செல்போன் உறை ஆகியவற்றின் அருகே வைத்தால் மெஷினில் காந்தம் ஏறி வாட்ச் திடீரென்று வேகமாக ஓடும். அப்படி ஓடினால் பயப்பட வேண்டாம். ரிப்பேர்க்காரர் காந்தத்தை எடுத்துவிடுவார். சாவி வாட்சுக்குத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.

முடிவாக

முதல் முறை வாங்குபவர்கள் ஒரு நல்ல எச்.எம்.டி.யில் தொடங்கி ஆறு மாதம் கட்டிப் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் டயல், முள், மெஷின் எல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு சைக்கோ, ஃபாவ்ர் லூபா என்று போகலாம். சம்பந்தி வீட்டுக்குப் போடும் வாட்ச் என்றால் மட்டும் பழையதை யோசித்துச் செய்யுங்கள். பழையது என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். முடியாவிட்டால், நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டனின் ஓசூர்த் தயாரிப்பைப் புதிதாக, கேரண்டியோடு போடுவது மாப்பிள்ளைக்கும் மரியாதை, நமக்கும் நிம்மதி.

நாம் சரக்கு எடுக்கும்போது என்ன செய்கிறோம்? மாதிரி பார்க்கிறோம், எடை போடுகிறோம், பில் வாங்குகிறோம், பிறகுதான் பணம் கொடுக்கிறோம். வாட்சுக்கும் அந்த நான்கையும் விடாமல் செய்தால் போதும்.